ஆஸ்திரேலியாவில் மரத்தை வெட்டாமல் விட்டாலே பணம் வருமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் நிலத்தில் இருக்கும் மரங்களை வெட்டாமல் சும்மா விட்டாலே கார்பன் கிரெடிட் என்று விவசாயிக்குப் பணம் வருகிறதாமே? என் மைத்துனர் அதை நம்பி மேற்குக் குயின்ஸ்லாந்தில் மேய்ச்சல் நிலம் வாங்கலாமா என்று யோசிக்கிறார்.

பாதி உண்மை. அந்தப் பாதியும் எந்த மரம், எந்த மாநிலம், எந்த வருடம் என்பதைப் பொறுத்தது. குயின்ஸ்லாந்தில் செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்துக்குத் தாவர வரைபடம் போடும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும்.

முதலில் மைத்துனரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். சட்டப்படி வெட்டவே கூடாத மரத்தை வெட்டாமல் இருந்ததற்கு யாரும் காசு தரமாட்டார்கள். சட்டம் எங்கே கையை விடுகிறதோ அங்கேதான் கிரெடிட் தொடங்கும். அதனால் மரவெட்டுச் சட்டம் தெரியாமல் கார்பன் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

கொஞ்சம் பழைய கதை. 1997இல் கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியா தனக்குச் சாதகமாக ஒரு ஷரத்தை வாங்கிக்கொண்டது. இலக்கை ஒப்பிட்டு அளக்கும் 1990ஆம் ஆண்டின் அடிப்படைக் கணக்கில் காடழிப்பில் வந்த கார்பனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அது. 1990இல் புல்டோசர்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே பின்னால் மரவெட்டு குறைந்தாலே போதும், நாட்டின் இலக்கில் பெரும்பகுதி எட்டிவிடும். மாநிலங்களும் தங்கள் காரணங்களுக்காகச் சட்டத்தை இறுக்கின. நியூ சவுத் வேல்ஸில் 2003இல் இயல்தாவரச் சட்டம் வந்தது. குயின்ஸ்லாந்தில் 1999இன் சட்டம் திருத்தப்பட்டு, பழைய இயற்கைக் காடுகளைப் பெரிய அளவில் வெட்டுவது 2006 முடிவோடு நின்றது.

விவசாயிகள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குப் பீட்டர் ஸ்பென்சர் ஓர் உதாரணம். நியூ சவுத் வேல்ஸில் கூமா ஊருக்கு அருகே நிலம் வைத்திருந்தவர். "என் மரங்களை வைத்து நாடு கியோட்டோ கணக்கைச் சரிக்கட்டுகிறது, எனக்கு ஈடு எங்கே?" என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். 2009 இறுதியில் தன் நிலத்தில் இருந்த காற்றளவைக் கம்பத்தில் ஏறி 52 நாள் உண்ணாவிரதம் இருந்தார். நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான உயர்நீதிமன்றம் வரை போய் வழக்கு நடத்தும் அனுமதியை வாங்கினார். கடைசியில் 2015இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது.

அதே 2015 ஏப்ரலில்தான் வேறொரு காட்சி. 2011இன் கார்பன் விவசாயச் சட்டத்தின்கீழ் அரசு முதல் ஏலம் நடத்தி, டன்னுக்குச் சராசரியாக 13.95 ஆஸ்திரேலிய டாலர் விலையில் கார்பன் குறைப்பை ஒப்பந்தம் செய்தது. ஒரு கிரெடிட் என்றால் காற்றில் சேராமல் தடுத்த, அல்லது காற்றிலிருந்து மரம் இழுத்துக்கொண்ட, ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. இந்தத் திட்டத்தில் 'தவிர்த்த காடழிப்பு' என்றொரு முறை இருந்தது. நியூ சவுத் வேல்ஸின் மேற்கே கோபார், பர்க் பக்கம் அது பரவியது. அதில் சேரத் தகுதி என்ன தெரியுமா? 2010 ஜூலைக்கு முன்பே வாங்கிய மரவெட்டு அனுமதி கையில் இருக்க வேண்டும்! வெட்டும் உரிமை இருந்தால்தானே வெட்டாமல் இருப்பதற்கு மதிப்பு. தர்க்கம் சரிதான், ஆனால் விளைவைப் பாருங்கள். வெட்ட அனுமதி கேட்டு வாங்கி வைத்தவருக்குப் பணம் வந்தது. மரத்தை மதித்து அனுமதியே கேட்காமல் இருந்த பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒன்றும் இல்லை. அந்த அனுமதிகளை எல்லாரும் உண்மையிலேயே பயன்படுத்தியிருப்பார்களா என்ற சந்தேகமும் கிளம்பியது. பேராசிரியர் இயன் சப் தலைமையிலான ஆய்வுக் குழு, இந்த முறையில் இனிப் புதுத் திட்டங்கள் வேண்டாம் என்றது. அறிக்கை 2023 ஜனவரியில் வெளியானது.

குயின்ஸ்லாந்து நிலங்களுக்குப் பெரும்பாலும் வந்தது இன்னொரு முறை. காட்டைத் தானாக மீள வளரவிடுவது. சார்ல்வில், கன்னமல்லா பக்கம் போனால் சிவப்பு மண்ணில் முல்கா என்ற வேல இன மரம்தான் கண்ணுக்கு எட்டிய வரை. சாம்பல் பூத்த பச்சை. கிளைகள் மேல்நோக்கி நிற்பதால் பெய்கிற கொஞ்ச மழையும் தண்டு வழியே வழிந்து வேருக்கே போய்ச் சேரும். வறட்சியில் புல் கருகிவிட்டால் மாட்டுக்கு இந்த இலைதான் தீவனம். டோசரை ஓட்டி மரத்தைச் சாய்ப்பார்கள். இன்ஜின் சத்தம் கேட்டதும் மாடுகள் வேலிப் பக்கத்திலிருந்து ஓட்டமாக ஓடி வரும், பின்னாலேயே நடந்து ஒவ்வொரு மரமாக மொட்டையடிக்கும். இதற்குக்கூட இன்று அரசின் விதிமுறை இருக்கிறது, முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத்தான் சாய்க்க வேண்டும்.

இந்த முறையில் மரம் நடக்கூடாது. மண்ணில் இருக்கும் விதையும் வேரும்தான் முளைக்க வேண்டும். குறைந்தது 10 ஆண்டு அங்கே காடு இருந்திருக்கக்கூடாது. மாடும் காட்டு ஆடும் கடித்துத்தான் வளராமல் போனது, இனி மேய்ச்சலை அடக்குவேன் என்று காட்ட வேண்டும். காடு என்பதற்கும் அளவு உண்டு: 0.2 ஹெக்டேர் பரப்பு, 2 மீட்டர் உயரம், 20 விழுக்காடு நிழல்.

மேய்ச்சலைக் குறைத்ததால் வளர்ந்ததா, நல்ல மழை பெய்ததால் வளர்ந்ததா? சண்டை எல்லாம் இங்கேதான். இத்திட்டத்தின் தர உறுதிக் குழுவுக்கு முன்பு தலைவராக இருந்த பேராசிரியர் ஆண்ட்ரூ மக்கின்டோஷே 2022இல் இது பெருமளவு போலி என்று பகிரங்கமாகச் சொன்னார். சப் குழு அந்த அளவுக்குப் போகவில்லை, திட்டத்தின் அடித்தளம் சரி என்றே சொன்னது. படங்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் என் எண்ணம்: முல்கா நிலத்தில் பச்சை கூடுவதும் குறைவதும் முதலில் மழையின் கணக்கு, மேய்ச்சல் அதற்குப் பிறகுதான். ஆனாலும் கார்பன் பணத்தில் காட்டு ஆடு புகாத வேலி போட்டு, தண்ணீர்த் தொட்டிகளை இடம் மாற்றி, மாட்டைச் சுழற்சியில் மேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நிலம் தேறுகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு நகரத்தில் குடியேறி, நிலத்தை நாய்க்கும் பன்றிக்கும் விட்டவர்கள்மேல் அக்கம்பக்கத்தார் கோபப்படுவதிலும் நியாயம் உண்டு.

மைத்துனருக்கு முக்கியமான செய்தி இனிதான். இந்த மீள்வளர்ப்பு முறை 2023 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது. அதன்கீழ் புதிதாகச் சேர முடியாது, பழைய திட்டங்கள்தான் ஓடுகின்றன. இப்போது கிரெடிட்டை வாங்குவோரில் பெரும் சுரங்கங்களும் ஆலைகளும் உண்டு. ஆண்டுக்கு 1,00,000 டன்னுக்குமேல் புகை விடும் இடங்களுக்கு வரம்பு வைத்து, 2023 ஜூலையிலிருந்து அதை ஆண்டுக்கு 4.9 விழுக்காடு குறைத்து வருகிறார்கள். மிஞ்சினால் கிரெடிட் வாங்கிக் கட்ட வேண்டும்.

அப்படியும் வாங்கப் போகிறார் என்றால் மாநில அரசு இலவசமாகத் தரும் தாவர அறிக்கையை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். லாட் எண், அதாவது நிலத்தின் பதிவு எண், இருந்தால் போதும். அதில் எக்ஸ் வகை என்றால் பெரும்பாலும் வெட்டலாம். பி என்றால் பழைய காடு. சி என்றால் மதிப்புள்ள மறுவளர்ச்சி. இந்த இரண்டையும் இஷ்டப்படி வெட்ட முடியாது. இந்த சி வகையால்தான் பலர் தூக்கம் கெட்டது. 2018 திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டு வெட்டாமல் வளர்ந்த மறுவளர்ச்சியும் இதில் வரலாம். "சும்மா விட்டால் சட்டத்தில் மாட்டிக்கொள்வேன்" என்ற பயத்திலேயே டோசரை எடுத்தவர்கள் உண்டு. அதற்கு வழி, நிலத்துக்கென்று தனி வரைபடம் பதிவுசெய்து, எக்ஸ் பகுதி பின்னாளிலும் எக்ஸாகவே இருக்கும்படி பூட்டிக்கொள்வது. பல நிலங்களில் முந்தைய உரிமையாளர் அதைச் செய்திருப்பார்.

அடுத்து, கிரெடிட் வழங்கும் அரசு அமைப்பான க்ளீன் எனர்ஜி ரெகுலேட்டரின் திட்டப் பதிவேடு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த நிலத்தில் ஏற்கெனவே திட்டம் இருந்தால், 25 ஆண்டா 100 ஆண்டா என்று கவனிக்க வேண்டும். மரத்தைக் காக்கும் கடமைக்காலம் அது. 25 ஆண்டைத் தேர்ந்தால் கிரெடிட்டில் 20 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். தீ, வறட்சிக்கான கையிருப்பாக இன்னொரு 5 விழுக்காடு எல்லாருக்கும் கழியும். அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதமும், குத்தகை நிலம் என்றால் அரசின் சம்மதமும் தேவை.

விற்பவர் கிரெடிட்டை வாங்கி விற்றுக் காசாக்கி முடித்திருக்கலாம், ஆனால் கடமைக்காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் யார் பொறுப்பு என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டால், வேறொருவர் தின்ற கிரெடிட்டுக்காக மைத்துனர் முல்காவுக்குக் காவல் நிற்க நேரலாம். முன்பணம் கொடுப்பதற்குமுன் திட்டத்தின் கடைசி அறிக்கையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்த நிலமே வேண்டாம்.