ஊசியை நிறுத்தியும் மார்பு வளர்கிறதே, ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது, அம்பத்தூரில் வேலை. போட்டிக்காக ஜிம் மாஸ்டர் சொல்லி நான்கு மாதம் வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும், தினமும் டயனாபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எடுத்தேன். கடைசி மாதத்தில் இரண்டு காம்புக்கு அடியிலும் கட்டி வந்தது. சட்டை உரசினாலே வலிக்கிறது. நிறுத்தி இரண்டு மாதமாகியும் பெரிதாகிக்கொண்டுதான் இருக்கிறது. 'ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன், அன்றே வீடு' என்று விளம்பரம் பார்த்தேன். நண்பன் டமாக்சிஃபென் மாத்திரை தருகிறான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? மறுபடி வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, இப்போது ஆபரேஷன் வேண்டாம். ஊசியாகப் போட்ட டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற என்சைம் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். டயனாபாலும் அப்படி மாறக்கூடியதுதான். ஆண்களுக்கும் காம்புக்கு அடியில் கொஞ்சம் சுரப்பித் திசு உண்டு. ஈஸ்ட்ரோஜென் கூடினால் அது வளரும். இதைத்தான் கைனகோமாஸ்டியா என்கிறோம்.

நிறுத்திய பிறகும் வளர்வதற்குக் காரணம் வேறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்ததால், விரைகளை வேலை வாங்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பாமல் விட்டிருக்கும். ஊசி நின்றதும் சொந்த டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் இருக்கும், ஈஸ்ட்ரோஜெனின் கை ஓங்கிவிடும். சோர்வும் ஆசைக்குறைவும் வருவதும் இதனால்தான். இந்த நேரத்தில் அறுத்தால், உள்ளே விட்டுவைக்கும் திசு மறுபடி தூண்டப்படலாம்.

முதலில் படுத்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்து மெதுவாகக் காம்பை நோக்கிக் கொண்டுவாருங்கள். காம்புக்கு நேர் அடியில் கேரம் காய் போல வட்டமாக, ரப்பர் பதத்தில் ஒன்று விரலில் தட்டுப்பட்டால் அது சுரப்பி. காம்பு வரை தடையில்லாமல் மெத்தென்று இருந்தால் வெறும் கொழுப்பு. கட்டி கல்லாக இருந்தாலும், காம்பை விட்டு ஒதுங்கி ஒரே பக்கம் இருந்தாலும், காம்பில் ரத்தம் கசிந்தாலும், தோல் உள்ளிழுத்தாலும், அக்குளில் நெறி கட்டினாலும் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். மார்பகப் புற்றுநோயில் சுமார் 1 சதவீதம் ஆண்களுக்கு வருவது.

அடுத்து, ஹார்மோன் சிறப்பு டாக்டரான எண்டோகிரைனாலஜிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. என்னென்ன ஊசி, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். குப்பியின் படம் இருந்தால் காட்டுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும், டெஸ்டோஸ்டிரோன் அளவு அப்போதுதான் சரியாகத் தெரியும். அதோடு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடையால், புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், பீட்டா எச்.சி.ஜி. ஆகியவற்றையும் பார்ப்பார்கள். விரையில் வரும் சில கட்டிகளாலும் மார்பு வளரும் என்பதால் விரைகளையும் பரிசோதிப்பார்கள். கூச்சப்படாதீர்கள்.

மார்பில் ஈஸ்ட்ரோஜெனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் பயனில்லாத மருந்து அல்ல. கட்டி வந்து ஆறு மாதத்துக்குள், வலி இருக்கும் கட்டத்தில் தினம் 10 முதல் 20 மில்லிகிராம் வரை சில மாதங்களுக்கு டாக்டர்கள் கொடுப்பதுண்டு. உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் தாண்டவில்லை. ஒரு வருடத்துக்கு மேலானால் திசு நாராக இறுகிவிடும், மாத்திரை கேட்காது. ஆனால் காலில் ரத்தம் உறைவது, பார்வை மங்குவது போன்ற ஆபத்துகள் இதற்கு உண்டு. அதனால் நண்பன் கையிலிருந்து வேண்டாம். 'பி.சி.டி.' (ஸ்டீராய்டை நிறுத்திய பின் எடுக்கும் மருந்துகள்) என்று சொல்லி ஜிம்மில் விரைகளைத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசி கொடுத்தால் அதையும் மறுத்துவிடுங்கள். அதுவே ஈஸ்ட்ரோஜெனைக் கூட்டி மார்பை வளர்க்கும்.

ஹார்மோன் பழைய நிலைக்கு வந்து, கட்டியின் அளவு சில மாதங்களாக மாறாமல் இருந்தால்தான் ஆபரேஷன். பொதுவாக நிறுத்தி ஆறு மாதமாவது ஆகட்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரை வட்டமாகக் கீறி சுரப்பியை வெட்டி எடுப்பார்கள். சுற்றியுள்ள கொழுப்பை லைப்போசக்‌ஷனில் உறிஞ்சுவார்கள். உறிஞ்சினால் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டீராய்டால் வந்த சுரப்பி கெட்டியானது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதேசமயம் காம்புக்கு அடியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குத் திசுவை விட்டுவைக்க வேண்டும். சுத்தமாகச் சுரண்டினால் காம்பு உள்ளே போய்க் குழி விழும். ஜிம் உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் அந்தக் குழி பளிச்சென்று தெரியும், சரிசெய்வதும் கடினம். வெட்டிய திசுவைக் கட்டாயம் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள்.

செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற சிறப்புப் பட்டம் முடித்தவரா என்று கேளுங்கள்; பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபாருங்கள். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. தனியாரில் மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், ஆபரேஷனுக்குப் பின் மார்பை இறுக்கிப் பிடிக்கும் அமுக்கு பனியன், பயாப்ஸி எல்லாம் சேர்த்தா தொகை சொல்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். அழகு சிகிச்சை என்று சொல்லி இன்சூரன்ஸ் மறுக்கப்படலாம், முன்பே கேட்டுவிடுங்கள்.

அன்றே வீட்டுக்குப் போவது பலருக்கு முடிகிற காரியம்தான். ஆனால் முதல் 48 மணி நேரம் கவனம் தேவை. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இறுக்கமாக வீங்கி வலி ஏறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். ராத்திரியானாலும் போன் செய்யுங்கள், ஐஸ் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அமுக்கு பனியனை நான்கு முதல் ஆறு வாரம் போட வேண்டும். சென்னை வெயிலில் வியர்த்து அரிக்கும், இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். ஒரு வாரத்தில் ஆபீஸ் போகலாம். பெஞ்ச் பிரஸ், புஷ்-அப் ஆறு வாரம் கழித்துத்தான். காம்பில் மரத்த உணர்வு சில மாதம் இருக்கலாம்.

மறுபடி வருமா? ஊசி பக்கம் போகாவிட்டால் பெரும்பாலும் வராது. போனால் விட்டுவைத்த அந்த ஒரு சென்டிமீட்டரே வளரும்.

பெண் பார்க்கும் விஷயத்தில் மார்பைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்த ஊசிகள் விந்தணு உற்பத்தியையும் அடக்கிவிடும். திரும்ப வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் யாராவது மறுபடி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட வந்தால் சம்மதிக்காதீர்கள், அது உற்பத்தியை இன்னும் அடக்கும். ஹார்மோன் பரிசோதனையோடு விந்துப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். முதல் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பயந்துவிடாமல் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.