வாசகர் கேள்வி – பதில்: பினாங்குச் சுவர்கள்

போன இதழில் பினாங்கு நாசி கண்டார் சோறு பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "அப்படியே ஜார்ஜ் டவுன் சுவர்ப் படங்களையும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. சரி, இந்த முறை முழுக்கச் சுவர்கள்தான்.

பள்ளி விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு பினாங்கு வருகிறோம். வழிகாட்டி வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. அரை நாளில் நாங்களே நடந்து பார்த்துவிட முடியுமா? எங்கே தொடங்குவது? – வாசகி, கிள்ளான்

தாராளமாக முடியும். முக்கியமான படங்கள் எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. வெயிலுக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் ஏழேகால், ஏழரைக்குத்தான் விடிகிறது. அந்த நேரத்துக்குத் தெருவில் இருங்கள். பசியாறுவதை நடுவில் வைத்துக்கொள்ளலாம். என் தங்கை குடும்பத்தை ஒரு முறை பதினொரு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சைக்கிள் படத்துக்கு முன்னால் நீண்ட வரிசை. எங்கள் முறை வருவதற்குள் சின்னவனின் ஐஸ் அவன் சட்டையில் பாதி, என் புடவையில் பாதி. எடுத்த ஒரே படத்திலும் அவன் அழுதுகொண்டிருக்கிறான்.

எல்லாரும் ஆர்மேனியன் தெருவில் தொடங்குவார்கள். நான் கடலில் தொடங்கச் சொல்வேன். வெல்டு கீ சாலையில் சியூ ஜெட்டி இருக்கிறது. கடலுக்குள் மரக்கால்கள் நட்டு, அதன்மேல் சியூ என்ற சீனக் குலத்தார் கட்டிக்கொண்ட வீடுகள். இப்போதும் அங்கே குடியிருக்கிறார்கள். அதனால் பலகைப் பாதையில் சத்தம் போடாமல் நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். இங்கே படகில் போகும் குழந்தைகள் படம் ஒன்று இருந்தது. உப்புக் காற்றில் மங்கிப் போய்விட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஜெட்டியிலிருந்து சாலையைக் கடந்து ஊருக்குள் போகும் தெருப் பெயர்களில் 'காட்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். காட் லெபோ ஆர்மேனியன், காட் லெபோ சூலியா என்று. லெபோ என்றால் மலாயில் தெரு, காட் என்றால் படித்துறை. வட இந்தியாவில் காட் என்கிறார்களே, அதே சொல். 1880களில் கடலைத் தூர்த்து வெல்டு கீயை உண்டாக்கினார்கள். அதற்கு முன் பீச் ஸ்திரீட்தான் நிஜமாகவே கரை. நீங்கள் நடக்கிற அந்தச் சின்னத் துண்டுத் தெரு ஒரு காலத்தில் தண்ணீர். என் பேரனுக்கு இதைச் சொன்னதிலிருந்து அவன் அந்தத் தெருவில் நீந்துகிற மாதிரிதான் நடக்கிறான்.

காட் லெபோ சூலியாவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஊஞ்சலாடும் அண்ணன் தங்கை படமும், கூடைப்பந்து விளையாடும் பிள்ளைகள் படமும் இருக்கின்றன. இரண்டும் உள்ளூர் ஓவியர் லூயிஸ் கான் வரைந்தவை. அப்புறம் பீச் ஸ்திரீட்டைக் கடந்து ஆ குவீ தெரு. அங்கே ஒரு பழைய நிஜ மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் பையனைப் பின்னால் வரைந்திருக்கிறார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். நாம் பின்னால் வந்து கூப்பிட்ட மாதிரி ஒரு பார்வை.

அடுத்த தெருதான் ஆர்மேனியன். புகழ்பெற்ற சைக்கிள் படம் இங்கே இருக்கிறது. அக்கா மிதிக்கிறாள், தம்பி பின்னால் இருந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். சைக்கிள் நிஜம், பிள்ளைகள் ஓவியம். தயவுசெய்து உங்கள் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள். துருப்பிடித்த பழைய சைக்கிள், இத்தனை வருடம் தாங்கியதே பெரிது. படம் எடுத்ததும் ஓடிவிடாமல் அதே தெருவில் 120ஆம் எண் வீட்டையும் பாருங்கள். 1910இல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் இங்கிருந்துதான் சீனப் புரட்சிக்கான திட்டத்தில் ஒரு பகுதியைப் போட்டார்.

தெருவின் மேல்முனையில் கேனன் தெரு. அங்கே நிஜ நாற்காலிமேல் ஏறி நின்று, சுவரில் உயரத்தில் இருக்கும் ஓட்டைக்கு எம்பும் பையன். அங்கிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கமாக நடந்து, கடை திறந்திருந்தால் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, லவ் லேன் வழியாக முந்திரித் தெருவுக்கு வாருங்கள். (முந்திரிப் பருப்புக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மலாயில் எழுதியிருப்பதை நம் வாய் அப்படித்தான் சொல்கிறது.) அங்கே ஒரு மாடிச் சுவர் முழுக்க நீல உடைச் சிறுமி. இரண்டு ஜன்னல்களின் மேற்கூரையில் கைகளை ஊன்றி அந்தரத்தில் தொங்குகிறாள். கடைசியாகப் பினாங்கு சாலைச் சுவரில் திரிஷாக்காரர் படம். (திரிஷா என்றால் மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா.) அவரோடு நடை முடிந்தது. திரும்பக் கால் வலித்தால் ஊருக்குள் சுற்றும் இலவச கேட் (CAT) பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள்.

பத்து வருடத்துக்கு முன் பார்த்த படங்களைப் போன மாதம் மறுபடி பார்த்தேன். பாதி உரிந்து கிடக்கிறது. இவ்வளவு வருமானம் வரும் ஊரில் நல்ல பெயின்ட் வாங்கி அடிக்க ஆள் இல்லையா? – வாசகர், ஈப்போ

பெயின்ட் நல்லதாக இருப்பதுதான் ஐயா தொல்லை.

இந்தக் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியவை. சிமெண்ட்டு இல்லை. தரையின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கட்டடக்காரர்கள் சொல்வார்கள். அதன்மேல் இந்தக் காலத்துப் பெயின்டைப் பூசினால் மழைச்சட்டை போட்டு வியர்ப்பது மாதிரி. ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, கொப்புளம் கிளம்பி, காரையோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டாக இருந்தாலும் இதுதான் கதி.

அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால், முந்திரித் தெரு முனையிலிருந்து லெபோ லீத் பக்கம் எட்டிப்பாருங்கள். அந்தக் காலத்துச் சீனப் பெருவணிகர் சியோங் ஃபாட் சீயின் நீல மாளிகை. அது பெயின்ட் இல்லை, சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்தது. அந்த அவுரி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் போடுவோமே, என் அம்மாகூடப் பொங்கலுக்கு முன் வாளியில் கலக்குவார். அந்த வித்தையைத்தான் பணக்கார வீட்டில் கொஞ்சம் தாராளமாகச் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. சைக்கிள் படத்தை வரைந்த எர்னஸ்ட் சகாரெவிச்சே திரும்பி வந்து புதுப்பித்திருக்கிறார். ஆனால் எல்லாப் படத்துக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. நம் வாசல் கோலத்தை யாரும் வார்னிஷ் அடித்து வைப்பதில்லை.

இந்த ஊர்ப் பிள்ளைகளை வரைய லிதுவேனியாவிலிருந்து ஒருவர் வர வேண்டுமா? உள்ளூரில் ஓவியர்களே இல்லையா? – வாசகர், சுங்கை பட்டாணி

கோபம் புரிகிறது. எர்னஸ்ட் சகாரெவிச் லிதுவேனியாக்காரர்தான். 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காகச் சைக்கிள், மோட்டார் சைக்கிள், நாற்காலிப் பையன், நீல உடைச் சிறுமி, திரிஷாக்காரர் படங்களை வரைந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டதால் சுவரில் இருப்பதெல்லாம் அவருடையது என்று ஆகிவிட்டது.

ஆனால் அவருக்கு முன்பே உள்ளூர் கேலிச்சித்திரக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதற்கு அடுத்த வருடம் மாநில அரசு ஊரை அடையாளப்படுத்தும் திட்டம் ஒன்றுக்குப் போட்டி வைத்தது. அதில் பிறந்தவைதான் சுவர்களில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிச் சித்திரங்கள், மொத்தம் 52. கம்பியை வளைத்துக் கோட்டோவியம் போலவே செய்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் அந்தத் தெருவின் கதை, கொஞ்சம் குசும்போடு. முந்திரித் தெரு முனையில், உலகப் புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ காலணி தைக்கிறார். அவர் தொழில் பழகிய இடம் அது. லவ் லேனில் ஒரு கணவர் மனைவிக்குத் தெரியாமல் ஜன்னல் வழியாகத் தப்பிக்கப் பார்க்கிறார். பணக்காரர்கள் சின்னவீடு வைத்திருந்த தெரு என்று ஒரு பேச்சு உண்டு. கேனன் தெருவில், ரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்ட 1867 கலகத்தின் பீரங்கிக் குண்டுக் கதை.

வரிசையில் நிற்காமல் பார்க்கலாம் என்பதே இவற்றின் பெரிய நன்மை. கம்பி மங்காது, உரியாது. வெயில் சாய்வாக அடிக்கும்போது சுவரில் அதன் நிழல் இரண்டாவது படமாக விழும்.

தமிழர்களைப் பற்றி அந்தச் சுவர்களில் ஏதாவது இருக்கிறதா? நான் போனபோது ஒன்றும் கண்ணில் படவில்லை. – வாசகி, கோலாலம்பூர்

இருக்கிறதம்மா. ஆனால் பட்டியலில் முதல் பத்துக்குள் வராது. லெபோ கிளாங்கில் ஒரு பெரிய சுவரில் இந்தியப் படகோட்டி ஒருவர் இருக்கிறார். வரைந்தவர் ஜூலியா வோல்ச்கோவா, ரஷ்யர். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். என் மாமனார் முகம் அப்படித்தான் இருக்கும்.

படகோட்டி என்று சும்மா வரையவில்லை. கப்பல்கள் கரைக்கு வர முடியாத காலத்தில், நடுக்கடலிலிருந்து சரக்கையும் ஆளையும் இறக்கிக் கொண்டுவந்தவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். கிங் ஸ்திரீட்டை நம் பெரியவர்கள் படவுக்காரர் தெரு என்றுதான் சொல்வார்கள். மார்க்கெட் ஸ்திரீட் கடைத்தெரு. சூலியா என்ற பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறித்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை 1801இல் தொடங்கிய காதர் மொகிதீன் அவர்களுக்குத் தலைவர். சூலியா தெருவிலேயே நாகூர் தர்கா ஒன்று சின்னதாக இருக்கிறது. குவீன் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில். சித்திரம் வேண்டுமென்றால் அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பாருங்களேன். அதற்கும் வரிசை கிடையாது.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி. கூட்டிவரலாமா? – வாசகர், தைப்பிங்

நடக்க வைக்காதீர்கள். கடைவீட்டு அஞ்சடி, அதாவது வீட்டு முன்னாலிருக்கும் கூரைபோட்ட நடைபாதை, நிழலாக இருக்கும், ஆனால் வீட்டுக்கு வீடு உயரம் மாறும், படி ஏறி இறங்க வேண்டும், நடுவில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள். திரிஷா பேசிக்கொள்ளுங்கள். எத்தனை வெள்ளி, எத்தனை நேரம் என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இந்தப் படங்கள் வந்த பிறகுதான் பழைய குடிகள் எல்லாம் ஊரை விட்டுப் போனார்கள் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், பட்டர்வொர்த்

பாதி உண்மை. படம் பார்க்கக் கூட்டம் வந்தது, கூட்டத்துக்காகக் காபிக்கடையும் நினைவுப் பொருளாகக் காந்தம் விற்கும் கடையும் வந்தன, வாடகை ஏறியது. ஆர்மேனியன் தெருவில் இதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பெரிய வெளியேற்றம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1997இல் அதை நீக்க முடிவு செய்து, 2000 ஆரம்பத்திலிருந்து கட்டுப்பாடு போயேபோய்விட்டது. படங்கள் வந்தது அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து.

என் சித்தி கடைத்தெருப் பக்கம் ஒரு மாடியில் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தவர். சட்டம் போனதும் வீட்டுக்காரர் கேட்ட வாடகையை என் சித்தப்பா ஒரு மாதம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். போன தீபாவளிக்குச் சாமான் வாங்கச் சித்தியைக் கூட்டி வந்தபோது அந்த வீட்டின் பக்கச் சுவரில் ஒரு பூனைப் படம். யார் எப்போது வரைந்தார்களோ. இரண்டு பெண்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி பூனையைப் பார்க்கவே இல்லை. மாடி ஜன்னலைக் காட்டி, "அந்தக் கொக்கியில்தான் உன் சித்தப்பா வேட்டி காயப்போடுவேன், இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள் பார்" என்றார்.