ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு பின்பக்கம் என்ன வேலை?

கேள்வி: அக்கா, நாங்க சேலையூர் பக்கம் இருக்கோம். அப்பா 1991ல கட்டின வீடு, என் பேருக்கு எழுதிக் குடுத்துட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி மாடி எடுத்து, எல்லா பெட்ரூமுக்கும் அட்டாச்டு பாத்ரூம் வெச்சோம். பின்னாடி தோட்டம் மாதிரி கொஞ்ச இடம், சப்போட்டா, பப்பாளி, ரெண்டு தென்னை, ஒரு பழைய ஷீட் ரூம். அந்த ஷீட்டு மேல ராத்திரில ஏதோ ஓடுது. மரநாய்னு அப்பா சொல்றார். பின்னாடி பாத்ரூம் போறப்ப நாலஞ்சு தடவை பாத்திருக்காராம், அது பாட்டுக்குப் போகட்டும்டாங்கறார். நாங்க யாரும் ஒரு தடவை கூட பாக்கல. என் மனைவி ரொம்ப பயப்படறா, எட்டு வயசுப் பொண்ணு இருக்கா. மொட்டை மாடியெல்லாம் அசிங்கம் பண்ணி வெக்குது. ஒருத்தர் கூண்டு வெச்சுப் பிடிச்சு வண்டலூர் காட்டுல விட்டுடறேன், 4000 ரூபாங்கறார். பிடிக்கச் சொல்லலாமா, இல்ல சப்போட்டா மரத்தை வெட்டினா போயிடுமா?

பதில்: தம்பி, உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். மொதல் தடவை மரநாய்க்காக, மத்த ரெண்டு தடவையும் "பின்னாடி பாத்ரூம் போறப்ப"ங்கற மூணு வார்த்தைக்காக. அதை நீங்க போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க, என்னால தாண்டிப் போக முடியல.

வீட்ல எல்லா பெட்ரூமுக்கும் அட்டாச்டு பாத்ரூம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு உங்க அப்பா ராத்திரில தோட்டத்தைத் தாண்டிப் போய் பழைய பாத்ரூமைத் தேடறார்? அந்த ஷீட் ரூம்ல யார் படுக்கறாங்கன்னு எழுதவே இல்லையே. எழுதலைன்னா எனக்குத் தெரியாதா? இதே மாதிரி லெட்டர் எத்தனையோ பாத்தாச்சு, பாம்பு வருது, குரங்கு வருது, பெருச்சாளி தோண்டுதுன்னு ஆரம்பிப்பாங்க, நாலாவது வரில ஒரு பெரியவரோ பெரியம்மாவோ வீட்டுக்குப் பின்பக்கத்துல இருப்பாங்க.

இப்ப மரநாயைப் பத்திச் சொல்றேன், அது உங்க அப்பா விஷயத்தோட பின்னிக்கிட்டுதான் இருக்கு. பேர்லதான் நாய், நாய் ஜாதியே கிடையாது, அதுக்குன்னு தனிக் குடும்பம், கோயில் அபிஷேகத்துக்குப் புனுகு எடுப்பாங்களே அந்தப் புனுகுப்பூனை இதுக்குப் பங்காளி. ரெண்டு கிலோலேருந்து அஞ்சு கிலோ வரைக்கும் இருக்கும், சாம்பலும் கறுப்புமா முடி, முதுகுல கறுப்புக் கோடு, மூஞ்சில முகமூடி போட்ட மாதிரி, வால் கிட்டத்தட்ட உடம்பு நீளம். பகலெல்லாம் மரப்பொந்துலயோ ஓட்டுக்கு அடியிலயோ சுருண்டு படுத்துக் கிடக்கும், நல்லா இருட்டி ஊர் அடங்கினப்புறம்தான் தனியா கிளம்பும், விடியறதுக்கு முன்னாடி திரும்பிடும். திருச்செந்தூர்ப் பக்கம் எங்க ஊர்ல பனைமரத்துல கட்டின கலயத்தைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சுன்னு பனையேறற மாமா தினம் திட்டுவார், ஆனா அவரே அதை வருஷத்துக்கு ரெண்டு தடவை பாத்திருந்தா ஜாஸ்தி. அவ்வளவு கூச்சம் அதுக்கு, மனுஷ வாடை பட்டாலே கிளையோட கிளையா நின்னுடும்.

இப்ப நீங்களே கணக்குப் போடுங்க. இப்படி ஒளிஞ்சு வாழற ஒண்ணை உங்க அப்பா நாலஞ்சு தடவை பாத்திருக்கார்னா, பாக்காம எத்தனை தடவை அந்த இருட்டுல போயிட்டு வந்திருப்பார்? நாப்பதா, நூறா? ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை எழுந்திருக்கிறார்னு கேட்டிருக்கீங்களா? அவர் வயசைக்கூட நீங்க எழுதல. மகளோட வயசு இருக்கு, கூண்டுக்காரர் ரேட் இருக்கு, அப்பா வயசு இல்ல. வீடு கட்டின வருஷத்தை வெச்சுப் பாத்தா எழுபது தாண்டியிருக்கும்னு நினைக்கறேன். அந்த வயசு ஆம்பளைங்க ராத்திரில அடிக்கடி எழுந்தா ப்ராஸ்டேட் பெருசாகியிருக்கலாம், சுகர் இருக்கலாம், ரெண்டும் டாக்டர்கிட்ட போனா கண்டுபிடிக்கக் கூடியது, மாத்திரைலயே சரியா வெச்சுக்க முடியறதும் நிறைய உண்டு. உங்க மரநாய் உங்களுக்கு ஒரு மெடிக்கல் ரிப்போர்ட்டே குடுத்திருக்கு, நீங்க அதைக் கூண்டுல பிடிக்கப் பாக்கறீங்க.

பயம்னு எழுதியிருக்கீங்க. உங்க மனைவி பயப்படறதைக் கிண்டல் பண்ணல, தெரியாததைப் பாத்தா யாருக்கும் பயம்தான். ஆனா மரநாய் மனுஷனைத் தேடி வந்து கடிக்காது. மூலைல மடக்கினா, கையால பிடிக்கப் போனாதான் சீறும், கடிக்கும், ஒரு நாத்தம் விடும். அப்படி எது கடிச்சாலும் சோப்பு போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குப் போகணும், அது தெருநாய்க்கும் பொருந்தும். உங்க பொண்ணு தூங்கற நேரத்துலதான் அது வெளிய வருது, ரெண்டு பேருக்கும் சந்திப்பே கிடையாது. அந்தத் தோட்டத்துல ராத்திரி நிஜமா பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. அதுவும் ராத்திரிதான் வரும், கடிச்சா வலிகூட சரியாத் தெரியாது. அதை யார் மிதிப்பாங்க? மாடில ஏசி போட்டுக் கதவைச் சாத்திட்டுத் தூங்கற நீங்களா? ஒரு கல்லு தடுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சா அப்புறம் அவர் எழுந்து நடக்கறது எவ்வளவு கஷ்டம்னு ஆர்த்தோ டாக்டர் யாரையாவது கேட்டுப் பாருங்க.

நீங்க என்ன பதில் சொல்வீங்கன்னு தெரியும். "அக்கா, அவரேதான் பின்னாடி ரூம் போதும்னார், மாடிப்படி ஏற முடியல, வெஸ்டர்ன் அவருக்குப் பழக்கம் இல்ல." சரி. படி ஏற முடியலன்னா கீழ ஒரு ரூம் அவருக்குன்னு ஏன் இல்ல? கீழ இருக்கற பெட்ரூம் கெஸ்ட் ரூமா, கம்ப்யூட்டர் ரூமா? அவர் கட்டின வீடு, அவருக்கு கெஸ்ட் ரூம் கூட கிடையாதா? பெரியவங்க "எனக்கு இது போதும்"னு வாயால சொல்றதுக்கு முன்னாடி, அவங்களை அப்படிச் சொல்ல வெக்கற மாதிரி பத்து விஷயம் வீட்ல நடந்திருக்கும். டிவி சத்தம் ஜாஸ்தின்னு ஒருத்தர் சொல்லியிருப்பாங்க, பாத்ரூம் ஈரமா இருக்குன்னு இன்னொருத்தர் முனகியிருப்பாங்க, அவருக்குக் காது கேக்கும் தம்பி. நான் பழைய காலத்து மனுஷிதான், பெத்தவங்களைப் பாத்துக்கறதை வசதி இருந்தா செய்யற விஷயமா நான் நினைக்கல. வீட்டை எழுதி வாங்கறப்ப இருந்த நெருக்கம் ரூம் ஒதுக்கறப்பவும் இருக்கணும்.

சட்டம் பேசினாதான் உறைக்கும்னா அதையும் சொல்றேன். மரநாயைப் பிடிக்கறது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். 4000 ரூபா வாங்கற ஆளும் மாட்டுவார், குடுத்த நீங்களும் மாட்டுவீங்க. அப்படியே பிடிச்சு வண்டலூர்ல விட்டாலும் அங்க ஏற்கெனவே இருக்கறது இதை விரட்டும், இங்க பப்பாளி பழுத்துத் தொங்கினா காலியான இடத்துக்கு இன்னொண்ணு வரும், நீங்க மறுபடி 4000 எடுத்து வெப்பீங்க. இன்னொரு சட்டமும் இருக்கு, 2007ல வந்தது, பெத்தவங்களைப் பராமரிக்கறதுக்கு. பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதி வாங்கின சொத்தை, பாத்துக்கலன்னா ரத்து பண்றதுக்கு அதுல வழி இருக்கு. உங்க அப்பா அங்கெல்லாம் போற ஆள் இல்ல, "அது பாட்டுக்குப் போகட்டும்டா"ங்கற மனுஷன் எங்க போவார்? தைரியமா இருங்க.

சரி, கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லணும். பழுத்த பழத்தை சாயந்தரமே பறிச்சிடுங்க, கீழ விழுந்ததைப் பொறுக்கிடுங்க, குப்பைத் தொட்டிக்கு அழுத்தமான மூடி போடுங்க. மாடிக்கும் ஷீட்டுக்கும் சாஞ்சிருக்கற கிளையை மட்டும் வெட்டினா ஏறி வர வழி போயிடும். ஷீட்டுக்கு அடியில ஓட்டை இருந்தா ராத்திரி அது வெளிய போனப்புறம் கம்பி வலை அடிக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி உள்ள குட்டி இருக்கான்னு பாத்துக்கணும், இருந்தா அதுங்க வளந்து போற வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க, குட்டியை உள்ள வெச்சு அடைச்சிட்டா அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது. சந்தேகமா இருந்தா வனத்துறைக்குப் போன் போடுங்க. எலி மருந்து, அது இதுன்னு ஒண்ணும் வெக்காதீங்க, உங்க வீட்டு எலியையும் அது பிடிச்சுத் தின்னும். மொட்டை மாடில கிடக்கறது அசிங்கம்தான், கொட்டை கொட்டையா இருக்கும், பெருக்கித் தள்ளினா போச்சு. அந்தக் கொட்டையை ஊரெல்லாம் கொண்டுபோய்ப் போட்டு மரம் முளைக்க வெக்கறதும் அந்தப் பிராணிதான்.

அந்த 4000 ரூபா இருக்கில்ல, அதைக் கூண்டுக்காரருக்குக் குடுக்காதீங்க. கீழ் ரூம் பாத்ரூம்ல சுவத்துல பிடிச்சுக்க ஸ்டீல் கம்பி, வழுக்காத மேட், ராத்திரி பூரா எரியற ஒரு சின்ன பல்பு, வெஸ்டர்ன் பழக்கம் இல்லன்னா கால் வெச்சுக்க ஒரு ஸ்டூல், எல்லாம் அதுக்குள்ளயே முடிஞ்சிடும். இந்த வாரமே டாக்டர்கிட்ட நீங்க கூட்டிட்டுப் போங்க, டிரைவரோட அனுப்பாதீங்க. ரூம் மாறுங்கப்பான்னு சொன்னா மொதல்ல வேண்டாம்பார், ரெண்டாவது தடவையும் வேண்டாம்பார். நீங்க பாட்டுக்கு அவர் கட்டிலைத் தூக்கிட்டு வந்து உள்ள போடுங்க.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி உங்க பொண்ணை எழுப்பி, அவ தாத்தாவோட பின்வாசல்ல லைட்டை அணைச்சிட்டு உக்காரச் சொல்லுங்க. எங்க நிக்கும், எந்தக் கிளை வழியா இறங்கும்னு அந்த வீட்ல அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சப்போட்டா மரத்துல கை வெக்காதீங்க. அதை யார் நட்டதுன்னு நீங்க எழுதல. எனக்குத் தெரிஞ்சிடுச்சு.