மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு காலை நீவி விடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து, நான்காம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ரத்தம் உறையாமலிருக்க 14 நாளைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தொடை நீலமாகக் கன்றிப்போனது அந்த மாத்திரையால்தான் என்று சொல்லி, அம்மா அதை நிறுத்தப் பார்க்கிறார். வலிக்குப் பயந்து எழுந்து நடக்கவும் மறுக்கிறார். தைலம் போட்டு நீவினால் வீக்கம் வடியும் என்கிறார் பெரியம்மா. என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில், பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லித் தைலத்தை எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் காலை இப்போது யாரும் நீவவோ உருவவோ கூடாது. ஆடுசதைக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், அழுத்தித் தேய்க்கும்போது அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து. கட்டி இருப்பது பல பேருக்கு வெளியே தெரிவதே இல்லை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ரத்தம் தேங்குவது, ரத்தக் குழாய் அடிபடுவது, எளிதில் உறையும் நிலைக்கு ரத்தமே மாறுவது. ரத்தம் கட்டுவதற்கு இந்த மூன்று காரணங்களைத்தான் ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மூட்டு மாற்று ஆபரேஷனில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. மாத்திரை உறைவதைத் தடுக்கும். ரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடுவது ஆடுசதைதான். அது சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் ஓடும். பாசத்தில் அம்மாவைப் படுக்கவே வைத்திருந்தால் அந்த வேலை நின்றுபோகும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து எழுப்புங்கள். வாக்கரைப் பிடித்து ஹால் வரை போய் வந்தால்கூடப் போதும். ஆனால் ஒரு நாளில் பல தடவை நடக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். படுத்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழுமாகப் பத்திருபது முறை அசைக்கச் சொல்லுங்கள். சீரியல் பார்ப்பவர் என்றால், விளம்பரம் வரும்போதெல்லாம் அசைத்தால் மறக்காது. அப்புறம், பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் அம்மாக்கள் அதிகம். இதய, சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரை அளக்கச் சொல்லியிருந்தால் தவிர, நன்றாகக் குடிக்கட்டும்.

தொடை கன்றுவது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சகஜம்; ஓரிரு வாரத்தில் நிறம் மாறி மறையும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வேளை விட்டுப்போனால், அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையோடு அவை சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். மலம் கறுப்பாகப் போனாலோ, கட்டு ரத்தத்தில் நனைந்தாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முழங்காலைச் சுற்றி வீக்கம் சில வாரங்கள் இருக்கும்; காலை உயர்த்தி வைத்தால் குறையும். உயர்த்தி வைத்தும் குறையாமல் ஆடுசதை இறுகி, சூடாகி, வலித்தால் அன்றைக்கே, ரத்தக் குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆபரேஷன் செய்யாத காலிலும் இது வரலாம், அதையும் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14 நாள் முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்தக் கவனம் வேண்டும்.

வீக்கம் வடிய ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பெரியம்மா சொன்னால், ஐஸ் பையைத் துணியில் சுற்றி, காயம் நனையாமல், முழங்கால் மேல் 15 நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைக்காமல் குதிகாலுக்கு அடியில் வைக்கட்டும்.