சேஃப்டி எங்கே என்று கேட்ட அப்பாவுக்கு

கேள்வி: ஹியூஸ்டனில் நிரந்தரவாசியாக இருக்கும் என் மகன் போன மாதம் ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறான். வெளியே போகும்போது இடுப்பில் வைத்துக்கொள்வானாம். வீடியோ அழைப்பில் காட்டினான். தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தானைக் காணோம். “சேஃப்டி எங்கேடா?” என்றேன். “இதில அதெல்லாம் கிடையாதுப்பா, தேவையும் இல்ல” என்கிறான். நான் எம்16 ரைஃபிள் காலத்தில் தேசிய சேவை செய்தவன். ஒருவன் சேஃப்டி போட மறந்தால் மொத்தப் பிளாட்டூனும் புஷ்-அப் போடும். வீட்டில் மூன்று வயதுப் பேரன் வேறு இருக்கிறான். மகன் சொல்வது சரியா? (ஈசூன் வாசகர், சிங்கப்பூர்)

பதில்: ஐயா, துப்பாக்கியைப் பற்றி உங்கள் மகன் சொன்னது பெரும்பாலும் சரி. வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

முதலில் உங்கள் எம்16. அந்தத் துப்பாக்கியோடு தெக்கோங் தீவின் புதருக்குள் ஓடியிருப்பீர்கள், தவழ்ந்திருப்பீர்கள், லாரியில் ஏறி இறங்கியிருப்பீர்கள். அவ்வளவு நேரமும் அதன் விசை, அதாவது விரலால் இழுத்துச் சுடும் பாகம், திறந்தே இருந்தது. ஒரு குச்சி போதும், வார்ப்பட்டையின் கொக்கி போதும், முன்னால் போகிறவனின் தண்ணீர்ப் புட்டி போதும். அதனால்தான் சேஃப்டி போடு என்று சார்ஜென்ட் கத்தினார். உங்கள் மகன் தூக்கிய எஸ்ஏஆர் 21 ரைஃபிளுக்கும் அதே நியாயம்தான். கைத்துப்பாக்கி அப்படித் தொங்குவதில்லை. அது உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நல்ல உறை என்றால் விசையை முழுக்க மூடியிருக்கும், விரலும் போகாது, சட்டை நுனியும் போகாது. ரைஃபிளில் பொத்தான் செய்த வேலையில் பெரும்பங்கை இங்கே உறை செய்கிறது. சுவா சூ காங் துப்பாக்கி சுடும் திடலில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த ஒன்றைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கும். தேசிய சேவை முடித்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

வெளியில் இருக்கும் சேஃப்டி பொத்தான், துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காமல் இருப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய துப்பாக்கிகளில் அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் பாகங்கள். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட கிளாக் கைத்துப்பாக்கியைப் பாருங்கள். விசையின் நடுவில் சின்ன நாக்கு ஒன்று உண்டு, விரல் நேராகப் பதிந்தால்தான் விசை பின்னால் போகும். விசை முழுக்கப் பின்னுக்கு வரும்வரை சுடும் ஊசியை உள்ளே ஒரு முளை மறித்து நிற்கும். உங்கள் மகன் காட்டியதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஆனால் அந்த நாக்குக்கு விரல் யாருடையது என்று தெரியாது. அழுத்தினால் சுடும். கட்டைவிரலால் போடும் வெளிச் சேஃப்டி காப்பது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான்: யாரும் சுட நினைக்காதபோது எதுவோ விசையை அழுத்திவிடும் சந்தர்ப்பம்.

அப்படியானால் அடுத்துக் கேட்க வேண்டியது, அந்த விசை எவ்வளவு கனம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது. ரிவால்வரில் சுத்தியலை, அதாவது பின்னாலிருந்து அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் பாகத்தை, முன்கூட்டி இழுக்காமல் சுடுவதற்கு நாலரை முதல் ஐந்தரைக் கிலோ அழுத்தம் வேண்டும், விசையும் நீளமாக நகரும். தெரியாமல் அவ்வளவு அழுத்துவது கஷ்டம். ரிவால்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளிச் சேஃப்டியே கிடையாது, நூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் அதைக் குறையாகவும் சொல்லவில்லை. கிளாக் வகையில் இது சுமார் இரண்டரைக் கிலோ, ஐந்து கிலோ அரிசிப் பையில் பாதி. நகரும் தூரமும் குறைவு. நியூயார்க் போலீஸ் கிளாக்குக்கு மாறியபோது இந்த லேசான விசையைப் பார்த்துப் பயந்து, ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ கனமான ஸ்பிரிங்கைப் போடச் சொன்னது. தவறி வெடிப்பதைத் தடுக்கத்தான். ஆனால் விசை கனத்தால் சுடும்போது கை ஆடும், குறி தப்பும். நடுத்தெருவில் தப்பிய குண்டு வேறு யார் மீதாவது போய்ப் படும். எனக்கு அந்த வைத்தியம் பிடித்ததே இல்லை.

இன்னொரு கோடியில் 1911 என்று பெயர் பெற்ற கைத்துப்பாக்கி. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. சுத்தியல் பின்னால் இழுபட்டே நிற்கும், விசை சின்னது, லேசானது. இதற்குக் கட்டைவிரல் சேஃப்டி வந்ததே அமெரிக்கக் குதிரைப்படை கேட்டதால்தான். ஒரு கையில் கடிவாளம், ஒரு கையில் துப்பாக்கி, கீழே துள்ளும் குதிரை. அந்த நிலையில் சுத்தியலை மெதுவாக இறக்கி வைக்க முடியுமா? இந்த வகைத் துப்பாக்கியை சேஃப்டி இல்லாமல் இடுப்பில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் மகன் வாங்கியது இது இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, ஏனென்றால் இதில் அந்தப் பொத்தான் கண்டிப்பாக இருக்கும்.

கிளாக் போல நடுவில் இருக்கும் துப்பாக்கிக்கு என்ன சொல்வது? அமெரிக்க ராணுவமே 2017இல் சிக் பி320 கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தபோது கட்டைவிரல் சேஃப்டி வேண்டும் என்று கேட்டு வாங்கியது. கடைகளில் பொதுமக்களுக்குப் போன அதே பி320இல் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டில், சில கோணங்களில் கீழே விழுந்தால் அந்தத் துப்பாக்கி வெடிக்கக்கூடும் என்ற சர்ச்சை எழுந்து, நிறுவனம் உட்பாகங்களை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. அதனால் மகன் வாங்கியது எந்த மாடல், எந்த ஆண்டு, அதற்குத் தயாரிப்பாளர் ஏதாவது அறிவிப்பு விட்டிருக்கிறாரா என்று வரிசை எண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய துப்பாக்கியைக் கைமாற்றி வாங்கியிருந்தால் இன்றைக்கே.

சேஃப்டி வேண்டாம் என்பவர்களின் வாதமும் லேசானது இல்லை. உயிர் போகிற நேரத்தில் கை வியர்த்து நடுங்கும், பொத்தானைத் தள்ள மறப்பார்கள், விசையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 1911இல் பொத்தானைக் கீழே தள்ளினால் சுடலாம். பெரேட்டா 92இல் மேலே தள்ள வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகியவன் நிலை என்ன ஆகும்? இன்னொரு பக்கம், துப்பாக்கியைப் பறிக்கிறவன் பொத்தானைத் தேடும் ஒரு நொடியில் பறிகொடுத்தவன் தப்பித்திருக்கலாம். சீருடைக்காரர்கள் சிலர் சேஃப்டியை விரும்புவதற்கு அதுவும் காரணம்.

என்னைக் கேட்டால், ஆயிரக்கணக்கான தடவை உருவிப் பழகியவருக்கு விசையை மூடும் கெட்டியான உறை போதும். மாதம் ஒருமுறைகூடத் திடலுக்குப் போகாதவர், அதுவும் வயிற்றுக்கு முன்னால் செருகிக்கொள்கிறவர், சேஃப்டி உள்ளதை வாங்குவது நல்லது. வாங்கினால் ஒவ்வொரு தடவையும் போட வேண்டும், உருவும்போது எடுக்கவும் வேண்டும், கை தானாகச் செய்யும்வரை. பாதி நாள் போட்டு பாதி நாள் விடுவது இரண்டிலும் மோசம். மகன் ஏற்கெனவே வாங்கிவிட்டதால் இப்போது ஒன்று செய்யலாம்: துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் வைக்கும்போது அவசரப்படவே கூடாது. தவறி வெடிப்பதில் நிறைய அந்த நொடியில்தான் நடக்கிறது. ஜாக்கெட்டின் இழுகயிறு, சட்டையின் ஓரம், விசையிலிருந்து எடுக்க மறந்த சொந்த விரல். உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். உருவுவதற்குத்தான் வேகம்.

இனி பேரன்.

ஐயா, சேஃப்டி பொத்தான் பிள்ளைகளுக்கான பூட்டு இல்லை. மூன்று வயதுப் பிள்ளை உங்கள் கைப்பேசியை எடுத்து எதை எதையோ தட்டிக் காணொளி போட்டுவிடுகிறதா இல்லையா? இந்தச் சின்னப் பொத்தான் அதற்கு ஒரு விளையாட்டு. விசை கனமாக இருந்தால் பிள்ளையால் முடியாது என்றும் நம்ப வேண்டாம். 1995இல் வெளியான ஓர் அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஆய்வில், 3, 4 வயதுப் பிள்ளைகளிலேயே கால்வாசிப் பேருக்கு, இரண்டு கை விரல்களையும் சேர்த்து அழுத்தினால், புழக்கத்தில் இருந்த கைத்துப்பாக்கிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றைச் சுடும் பலம் இருந்தது. பெரியவர்களைப் போலப் பிடிக்க அவர்களுக்கு வராது. குழலைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலால் அழுத்துவார்கள். யோசித்துப் பார்க்கவே எனக்குக் கை நடுங்குகிறது.

மருமகள் அந்தத் துப்பாக்கியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், அது வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பர் 30 அன்று ஐடாஹோ மாநிலத்தில் ஹெய்டன் என்ற ஊரின் வால்மார்ட் கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தது. தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்த கைப்பை அது. உடம்போடு ஒட்டிய உறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய பெட்டியில். மூன்றாவது இடம் என்று ஒன்று கிடையாது. தலையணைக்கு அடியில், அலமாரியின் மேல்தட்டில், காரின் இருக்கைக்குக் கீழே என்பதெல்லாம் பிள்ளை கண்டுபிடிக்கும் இடங்கள்தான்.

உரிமம் பெற்ற கடையில் வாங்கியிருந்தால் துப்பாக்கியோடு ஒரு பூட்டும் தந்திருப்பார்கள், 2006லிருந்து அங்கே நடப்பில் இருக்கும் கூட்டரசுச் சட்டம் அது. அதைப் பிரிக்காமலே ஒரு மூலையில் போட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். எண் அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிச் சுவரோடோ கட்டிலோடோ பிணைத்துவிட்டால் இரவிலும் சட்டென்று எடுக்கலாம். பேரனின் பிறந்தநாளை எண்ணாக வைக்க வேண்டாம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதான பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம் என்பதை உங்கள் மகன் உங்களிடம் சொல்லியிருப்பார். 17 வயதுக்குக் கீழான பிள்ளைக்குக் கிடைக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அசட்டையாக விட்டுவைப்பது அதே மாநிலத்தில் குற்றம் என்பதையும் சொன்னாரா?

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தீபாவளிக்கு அவர்கள் இங்கே வருவார்கள் என்றால், திடலுக்கு எடுத்துப்போகும் பையை விமானத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு தோட்டா பையின் மடிப்பில் கிடந்தாலும் சாங்கி விமான நிலையத்தின் ஊடுகதிர்த் திரையில் தெரியும், போலீஸ் வரும். அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தில் 5 முதல் 10 ஆண்டுச் சிறைக்கும் குறைந்தது 6 பிரம்படிக்கும் இடமிருக்கிறது. மறந்துவிட்டேன் என்பதை விசாரணை முடிந்த பிறகுதான் நம்புவார்கள். வேறு பை இல்லையென்றால், இருக்கும் பையைக் கவிழ்த்து உதறி, பக்கத்துச் சின்ன ஜிப் வரை விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.