அம்மான் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்

கேள்வி: என் அம்மான் எங்கள் ஒன்றியத்தில் கவுன்சிலராக இருந்தவர். கட்சியில் இப்போதும் அவர் சொன்னால் கேட்பார்கள். போன மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். பந்தி முடிந்து எல்லோரும் முகப்பில் உட்கார்ந்திருந்தபோது வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. "பருவநிலை மாற்றமெல்லாம் நம்மை முன்னேற விடாமல் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் சித்திரையில் ரோட்டில் தார் உருகத்தான் செய்தது. அமெரிக்க ஜனாதிபதியே ஏமாற்று வேலை என்கிறார்" என்றார். பிளஸ் டூ படிக்கும் என் மகள், "ஐயா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி வீட்டார் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மான் எங்களோடு பேசுவதில்லை. மகளை மன்னிப்புக் கேட்கச் சொல் என்கிறார் அம்மா. இவள் மாட்டேன் என்கிறாள். இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது: அம்மான் சொல்வதிலும் ஏதோ நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே தோன்றுகிறது. நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், காரைக்குடி பக்கம்

பதில்: இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் அம்மான் ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். ஒன்று தப்பு, மற்றது பாதிக்கு மேல் சரி. இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம்.

தப்பான பாதியை முதலில் பார்ப்போம். நானும் உங்கள் பக்கத்தவள்தான். என் ஐயா மலாயாவில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், கடையையே நடத்தும் மேலாளாகத் திரும்பியவர். அவருடைய கணக்குப் பெட்டி எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் இன்னும் இருக்கிறது. மூடியைத் திறந்தால் பழைய மையும் பாச்சா உருண்டையும் கலந்த வாசனை வரும். அன்றன்றைய வரவு செலவு குறிப்பில் ஏறும், அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும், கடைசியில் மொத்த இருப்பையும் பாக்கியையும் காட்டும் ஐந்தொகை. ஒரு நாள் குறிப்பில் வரவு கூடுதலாக இருந்ததென்று 'கடை லாபத்தில் ஓடுகிறது' என்று எவனாவது சொன்னால் மேலாளுக்குக் கீழே இருக்கும் அடுத்தாள்கூடச் சிரிப்பான்.

உங்கள் அம்மானின் தார் ரோடு ஒரு நாள் குறிப்பு. அவர் மட்டுமா? 2015 பிப்ரவரியில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற அமெரிக்க செனட்டர் வாசலில் கிடந்த பனியை உருண்டையாக்கி ஒரு பையில் போட்டு அவைக்குள்ளேயே கொண்டுவந்தார். வெளியே எவ்வளவு குளிர், இதில் பூமி சூடாகிறதாம் என்று கேட்டுவிட்டு உருண்டையைத் தூக்கிப் போட்டார். இத்தனைக்கும் அதற்கு முந்திய 2014தான் அதுவரை பதிவானதில் மிக வெப்பமான ஆண்டு என்று அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். அவர் அந்த அவையின் சுற்றுச்சூழல் குழுத் தலைவர் என்பதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, பேரேடு எங்கே இருக்கிறது? ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலைச் சரிவில். காற்றில் எவ்வளவு கரியமில வாயு என்று 1958இலிருந்து அங்கே அளந்து எழுதிவருகிறார்கள். தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஆலைகள் வருவதற்கு முன்னால் அது 280 அளவில்தான் இருந்தது. இயற்கையும்தானே விடுகிறது என்பார்கள். விடுகிறது, ஆனால் விட்டதைத் திரும்ப வாங்கியும் கொள்கிறது. நம்முடையது வரவு வைக்காத பற்று. அது நம்முடையதுதான் என்பதற்கு அடையாளமும் உண்டு. நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. அதனால், காலப்போக்கில் தானாகவே சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பன் அவற்றில் துளியும் மிஞ்சவில்லை. அவற்றை எரித்த புகை கலக்கக் கலக்க, காற்றில் அந்தக் கார்பனின் விகிதம் குறைகிறது. யார் பற்று என்று கேட்டால் பேரேடே பெயர் சொல்லிவிடும்.

'வெள்ளைக்காரன் கட்டிய கதை' என்றாரே, அதற்கு நம்ம ஊர்ப் பதில் ஒன்று இருக்கிறது. இதை உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார் அல்லவா, அங்கே பொறியியல் படித்து 1965இல் வெளியே வந்தவர் வீரபத்ரன் ராமநாதன். முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில். குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பிறகு அமெரிக்கா போனார். ஃபிரிட்ஜில் ஓடும் அந்தக் குளோரோஃபுளோரோகார்பன் வாயுவே பூமியைச் சூடாக்குகிறது, அதன் ஒரு மூலக்கூறு பத்தாயிரம் கரியமில வாயு மூலக்கூறுகளுக்கும் மேலான வேலையைச் செய்கிறது என்று 1975இல் எழுதினார். செட்டிநாட்டுப் பணத்தில் எழுந்த வகுப்பறையில் படித்த தமிழர் போட்ட கணக்கு இது. அம்மானிடம் இதைச் சொன்னால் கோபம் வராது, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார் பாருங்கள்.

இப்போது அவர் பக்கத்து நியாயம். ஐயா ஒரு பங்காளியைப் பற்றிச் சொல்வார். பாகப்பிரிவினை நடக்கும்வரை கணக்குப் பிள்ளை எழுதியது தெய்வ வாக்கு. அவர் கொடுக்க வேண்டிய பாக்கி இவ்வளவு என்று ஐந்தொகையில் வந்த அன்றைக்கு, கணக்கே பொய், மை வேறு, எழுத்து வேறு. அவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. எங்களில் யாரைவிடவும் வேகமாக மனக்கணக்குப் போடுவார். பாக்கியைக் கட்ட மனமில்லை, அவ்வளவுதான்.

பருவநிலையைச் சந்தேகிக்கும் பெரிய தலைவர்கள் பலரை நான் இப்படித்தான் பார்க்கிறேன். எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் கடைசியிலேயே வெப்பம் எவ்வளவு கூடும் என்று கணித்தார்கள். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னால் நடந்ததோடு பொருந்தியதாக 2023இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதே கம்பெனி வெளியே வந்து, இன்னும் எதுவும் உறுதியாகத் தெரியாது என்று பல வருஷம் பேசிக்கொண்டிருந்தது. உள்ளுக்கு ஒரு பேரேடு, ஊருக்கு ஒரு பேரேடு. அம்மான் மேற்கோள் காட்டிய டிரம்ப், இதெல்லாம் அமெரிக்கத் தொழிலை முடக்கச் சீனர்கள் செய்த ஏற்பாடு என்று 2012இல் எழுதியவர். வேடிக்கையைப் பாருங்கள்: இங்கே உங்கள் அம்மான் வெள்ளைக்காரன் சதி என்கிறார், அங்கே வெள்ளைக்காரர் சீனச் சதி என்கிறார். பாக்கி யார் தலையில் விழும் என்ற பயம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆனால் டிரம்பின் பயமும் உங்கள் அம்மானின் பயமும் ஒரே எடை இல்லை. அமெரிக்காவில் ஓர் ஆள் சராசரியாக ஆண்டுக்கு 14 டன் அளவுக்குக் கரியமில வாயு விடுகிறார். இந்தியாவில் அது 2 டன் பக்கம். நூறு வருஷமாக எரித்தவன் ஒருவன், நாம் ஏன் அடுப்பை அணைக்க வேண்டும் என்ற கேள்வி முழுக்க நியாயம். உங்கள் மனசில் 'ஏதோ நியாயம்' என்று உறுத்தியது அதுதான். ஆனால் அது பாக்கியை யார் எவ்வளவு கட்டுவது என்ற பஞ்சாயத்து. அதில் ஜெயிக்கக் கணக்கைக் கிழிக்க வேண்டியதில்லை. இன்னும் சொன்னால், கணக்கு நின்றால்தான் அந்த வழக்கே நிற்கும். நம் பிரதமரே 2014 ஆசிரியர் தினத்தன்று மாணவர்களிடம் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது, வயதானவர்கள் குளிர் கூடிவிட்டது என்பார்கள், கூடியது குளிர் இல்லை, குறைந்தது அவர்கள் தாங்கும் சக்தி என்கிற மாதிரிச் சொன்னார். அடுத்த ஆண்டே பாரிஸில் பிரான்ஸோடு சேர்ந்து சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியைத் தொடங்கிவைத்தார். 2070க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது காற்றில் விடுவதும் திரும்ப எடுப்பதும் சரிக்குச் சரி என்று 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்தார். பேச்சை மாற்றிக்கொண்டதால் யாருக்கும் குடி முழுகிவிடவில்லை.

மன்னிப்பு விஷயத்தில் நான் பாதி உங்கள் அம்மா கட்சி. அறுபதாம் கல்யாணத்தன்று, சம்பந்தி வீட்டார் முன்னால், வீட்டுப் பெரியவரைப் பார்த்து 'தெரியலைன்னு சொல்லுங்க' என்றது தப்பு. அதற்கு மட்டும் கேட்கட்டும். "ஐயா, அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்லிக் காலில் விழுந்து கும்பிட்டுக்கொள்ளட்டும். சொன்ன விஷயத்தை வாபஸ் வாங்கத் தேவையில்லை, நீங்களும் அவளை வற்புறுத்தாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள். அம்மா வேண்டாம், அவர் நடுவில் அழ ஆரம்பித்துவிடுவார்.

அன்றைக்கே விவாதத்தைத் திறக்காதீர்கள். கொஞ்ச நாள் கழித்து அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "எதைப் பார்த்தால் நம்புவீங்க அம்மான்?" பதில் வந்தால் பேச்சு வளரும். எதைப் பார்த்தாலும் நம்பமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அவர் எம்.பி.யாக இருந்து டெல்லியில் இதைப் பற்றி ஓட்டுப் போடுகிறவராக இருந்தால் விடச் சொல்லமாட்டேன், விரட்டி விரட்டிக் கேளுங்கள் என்பேன். உங்கள் அம்மானின் கை எட்டுவது ஒன்றியம் வரை. அங்கே அவரால் ஆகக்கூடிய காரியம் வேறு இருக்கிறது. உங்கள் ஊர் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் எப்படி இருக்கிறது? எங்கள் ஊரில் பாதி தூரம் கருவேலமும் மீதி தூரம் யாரோ எழுப்பிய காம்பவுண்டுச் சுவருமாக இருந்தது. மழை கொட்டியும் ஊருணி நிறையவில்லை, தண்ணீரெல்லாம் ரோட்டோடு போயிற்று. பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதும் இல்லையென்றால் காய்வதும் என்று ஆகிற காலத்தில் அந்தக் கால்வாய்தான் ஊருக்கு முதல். அதைத் தூர்வார அம்மான் எந்த விஞ்ஞானத்தையும் நம்ப வேண்டியதில்லை. முன்னோர் வெட்டிய ஊருணி என்று சொன்னாலே அவருக்குப் போதும்.

சமாதானமாகப் போன கையோடு இதையும் கேட்டுவிடுங்கள். ஆவணிக்குள் கேட்டால் நல்லது. ஐப்பசி பிறந்து ஈரம் இறங்கிவிட்டால் ஜேசிபி வரத்துக்காலுக்குள் இறங்காது.