எச்.ஐ.வி. தொற்றுள்ள மாணவிக்கு டி.சி. கொடுத்து அனுப்பப் பள்ளிக்கு உரிமை உண்டா?

கேள்வி: என் அக்காவும் அவர் கணவரும் இறந்தபின் அவர்களுடைய இரு பிள்ளைகளையும் தாய்மாமனான நானே வளர்த்து வருகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்று உள்ளது, நான்காம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு இல்லை. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்கு அழைத்துச் செல்ல அடிக்கடி விடுப்புக் கேட்டதால், காரணத்தை வகுப்பாசிரியரிடம் மட்டும் நம்பிச் சொன்னேன். இரண்டு வாரங்களுக்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயரைப் போட்டு, "இந்தப் பிள்ளையோடு நம் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள்" என்று ஒருவர் எழுதினார். இப்போது அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். "தொற்று இல்லை என்று மருத்துவச் சான்று கொண்டுவாருங்கள், இல்லையென்றால் நீங்களே எழுதிக்கொடுத்து டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் தனியார் பள்ளியின் தாளாளர். தம்பியையும் சக மாணவர்கள் ஒதுக்குகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், எதிலும் கையெழுத்திடாதீர்கள். "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று எழுதி வாங்கிவிட்டால், பள்ளி உங்கள் பிள்ளையை வெளியேற்றியது என்பதை மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் வந்து விழும். தாளாளர் உங்களையே எழுதிக்கொடுக்கச் சொல்வதற்கும், தாமாக வெளியேற்றத் தமக்கு அதிகாரமில்லை என்று அவர் அறிந்திருப்பதே காரணமாக இருக்கக்கூடும்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றிப் பொருந்தும். அதன் 3ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதையும், படிப்பை நிறுத்துவதையும், நியாயமற்ற முறையில் நடத்துவதையும் தடை செய்கிறது. தனியே பிரித்து வைப்பதும், கல்வியைத் தொடர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதும் அதே பிரிவில் தடை செய்யப்பட்டவையே. ஆகவே தனி பெஞ்ச், மருத்துவச் சான்று, டி.சி. மிரட்டல் ஆகிய மூன்றும் சட்டத்துக்கு முரணானவை. மருத்துவ நோக்கிலும் அவற்றுக்கு அடிப்படை இல்லை. அருகில் அமர்வதாலோ, சாப்பாட்டைப் பகிர்வதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ எச்.ஐ.வி. பரவாது.

இதோடு, கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது (பிரிவு 16). மனரீதியாகத் துன்புறுத்தவும் கூடாது (பிரிவு 17). உங்கள் பள்ளி சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனமா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அத்தகைய பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்துள்ளது. அப்படியானாலும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு குறையாது.

செய்தி வெளியே போனது தனிக் கேள்வி. தொற்று பற்றிப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கவில்லை. நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் சொன்ன தகவலை, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இன்றி அவர் வெளியிடக் கூடாது என்கிறது 8ஆம் பிரிவு; இங்கு அந்த ஒப்புதல் குழந்தையின் சார்பில் நீங்கள் தர வேண்டியது. ஆனால் இந்தப் பிரிவை மீறுவதற்கென்று நேரடித் தண்டனை எதையும் சட்டம் வைக்கவில்லை. இதை நான் பெரும் குறையாகவே கருதுகிறேன். எனவே ஆசிரியர்மீதான புகாரைத் தனியாக நிறுத்தாமல், அதன் விளைவாக நேர்ந்த பாகுபாட்டோடு சேர்த்து எழுதுவதே பயன் தரும். வாட்ஸ்அப் பதிவின் நிலை வேறு. தொற்றுள்ளவர்மீது வெறுப்பைப் பரப்புவதையும், அவரைப் பாகுபாட்டுக்கு ஆளாக்கக்கூடிய தகவலைப் பரப்புவதையும் 4ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இது காவல் துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். பதிவு அழிக்கப்படுமுன், எண்ணும் தேதியும் தெரியும்படி அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நடவடிக்கை. இந்த விஷயத்தில் நான் மிகவும் அஞ்சுவது, நீதி கேட்டு நாம் எழுதும் கடிதமே குழந்தையின் நிலையை மேலும் பத்துப் பேருக்குச் சொல்லிவிடுமோ என்பதுதான். ஆகையால் முதல் கடிதத்தைத் தாளாளர் பெயருக்கே, உறையின்மேல் "மந்தணம்" (இரகசியம்) என்று குறிப்பிட்டு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அதில் நோயின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வேண்டாம். "2017ஆம் ஆண்டின் 16ஆம் எண் மத்தியச் சட்டத்தின் 3, 8 ஆகிய பிரிவுகள்" என்று எழுதினாலே அவருடைய வழக்கறிஞருக்குப் புரிந்துவிடும். தனி இருக்கையை உடனே நீக்க வேண்டும், சான்று கேட்பதைக் கைவிட வேண்டும், பிள்ளை படிப்பைத் தொடர்வதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவ விடுப்புக்கு வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்கக் கூடாது, விடுபட்ட பாடங்களையும் தேர்வுகளையும் ஈடுசெய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். விளையாட்டில் காயம் பட்டால் என்ன செய்வது என்று பள்ளி கேட்கக்கூடும். எந்தக் குழந்தைக்கு இரத்தம் வந்தாலும் கையுறை அணிந்தே முதலுதவி செய்வது எல்லாப் பள்ளிகளுக்கும் உரிய நடைமுறை. அதை இவளுக்கு மட்டும் தனி விதியாக்க இடம் தராதீர்கள்.

ஒரு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால், இச்சட்டத்தின்கீழ் மாநில அரசு நியமிக்கும் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் புகார் அளியுங்கள். இருதரப்பையும் கேட்டு, புகார் கிடைத்த 30 நாள்களுக்குள் அவர் ஆணையிட வேண்டும். ஆணையை மீறினால் 10,000 ரூபாய் வரையும், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். அங்கும் விவரங்களை மூடிய உறையில் கொடுங்கள். நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், உண்மைப் பெயரை மறைத்துப் புனைபெயரில் வழக்கு நடத்த 34ஆம் பிரிவின்கீழ் கோரலாம்.

தம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அறியாத பாதுகாப்பு இது. தொற்றுள்ளவருடன் ஒரே வீட்டில் வசிப்பவரும் சட்டத்தின் பார்வையில் பாதுகாக்கப்பட்டவரே. அவனை ஒதுக்குவதைப் பள்ளி கண்டுகொள்ளாமல் விடுவதையும் அதே புகாரில் சேருங்கள்.

இன்னொன்று உங்கள் கடிதத்தில் இல்லை: அவளுக்கே தன் நிலை தெரியுமா? தெரியாதென்றால், வகுப்பில் யாரோ சொல்லி அவள் அறிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரை இந்த வாரமே சந்தித்து, எப்படிச் சொல்வது என்று கேளுங்கள். புகார்களை எழுதவும் வழக்கு நடத்தவும் செலவு உங்களுக்குத் தடையாக வேண்டாம். வருமானம் எதுவாக இருந்தாலும் குழந்தைகளுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவள் பெயரில் விண்ணப்பியுங்கள்.